பீட்டர் டோஷை இரண்டு வாக்கியங்களில் முடித்துவிடலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் ரெகே இசையின் வரலாறு குறித்து வெளியான கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். ஜமைக்கா என்னும் சிறு தீவில், ஏழைகளின் குடியிருப்புகளில் பிறந்த ஓர் இசை உலகம் முழுவதும் எப்படிப் பரவியது என்பதைக் கட்டுரையாளர் எளிமையாக விளக்கியிருந்தார். அதில் பெரும்பகுதி பாப் மார்லிக்கு ஒதுக்கப்பட்டிருந்ததும் முறையானதே. ஆனால் பீட்டர் டோஷுக்குக் கிடைத்தவை இரண்டே வாக்கியங்கள்: மார்லியின் குழுவிலிருந்து விலகியவர், கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கச் சொல்லிப் பாடியவர். இரண்டும் உண்மைதான். எனினும் அவற்றை மட்டும் படித்துவிட்டுச் செல்லும் வாசகர், பல ஆண்டுகளாகச் சம உரிமை என்ற ஒரே கோரிக்கையைப் பாடி, அதற்காக அடிபட்ட ஒரு கலைஞரை இன்னொருவரின் நிழலாகவே நினைவில் வைத்துக்கொள்வார். தங்கள் கட்டுரையாளரைக் குறை சொல்வது என் நோக்கமன்று. டோஷைப் பற்றி எங்கு எழுதப்பட்டாலும் பெரும்பாலும் இப்படித்தான் எழுதப்படுகிறது என்பதே என் வருத்தம்.

வின்ஸ்டன் ஹூபர்ட் மக்கின்டாஷ் என்ற இயற்பெயருடன் 1944 அக்டோபர் 19 அன்று ஜமைக்காவின் மேற்குக் கோடியில் உள்ள வெஸ்ட்மோர்லாந்து மாவட்டத்தில் பிறந்தவர் டோஷ். பதின்ம வயதில் தலைநகர் கிங்ஸ்டனுக்கு வந்து, ட்ரெஞ்ச் டவுன் பகுதியில் பாப் மார்லியையும் பன்னி வெய்லரையும் சந்தித்தார். ஜோ ஹிக்ஸ் என்ற பாடகர் அந்த இளைஞர்களுக்குக் குரல்களை இசைவாகச் சேர்த்துப் பாடப் பயிற்சி அளித்தார். அவர்களுள் கிட்டாரும் விசைப்பலகையும் முதலில் கைவரப் பெற்றிருந்தவர் டோஷ்தான். மார்லிக்குக் கிட்டார் கற்றுத் தந்ததும் அவரே. 'வெய்லர்ஸ்' என்று பிற்காலத்தில் உலகம் அறிந்த குழு இந்த மூவரின் தோழமையில் வளர்ந்தது. ஆகவே 'மார்லியின் குழுவில் இருந்தவர்' என்று எழுதுவது, ஒரு வீட்டைக் கட்டிய மூவரில் ஒருவரை அதில் குடியிருந்தவர் என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

அந்தக் குழு பன்னாட்டுச் சந்தைக்குச் சென்ற 1973-ஆம் ஆண்டில் இரண்டு இசைத்தட்டுகள் வெளியாயின. முதலாவதில் டோஷ் எழுதிப் பாடிய ஒரு பாடல், நானூறு ஆண்டுக் கால அடிமைத்தனம் இன்னும் முடியவில்லை என்று தொடங்குகிறது. இரண்டாவதில் இடம்பெற்று, இன்றும் உலகின் பல நாடுகளில் ஆர்ப்பாட்டங்களில் பாடப்படும் 'எழுந்து நில், உன் உரிமைக்காக எழுந்து நில்' என்ற பொருள்கொண்ட பாடல், மார்லியும் டோஷும் சேர்ந்து எழுதியது. பலர் அதை மார்லியின் பெயரால் மட்டுமே அறிந்திருக்கிறார்கள். மேலுலகில் கிடைக்கப்போகும் இன்பத்துக்காக இவ்வுலகில் வாய்மூடிக் காத்திருக்கச் சொல்லும் போதனையைச் சாடும் அந்தப் பாடலின் இறுதிப் பகுதியை டோஷின் கனத்த குரலில் கேட்டவர்களுக்கு, அந்தக் கோபத்தில் அவருக்கிருந்த பங்கு எவ்வளவு என்பது புரியும்.

அவர் விலகியதன் காரணத்தையும் ஒரு வரியிலாவது சொல்லியிருக்கலாம். மூவரும் சமமாக நின்ற குழுவில் ஒருவரை மட்டும் முன்னிறுத்தும் போக்கு அவருக்கு ஏற்புடையதாக இல்லை. அவருடைய தனிப்பாடல் தொகுப்பை வெளியிட இசை நிறுவனமும் முன்வரவில்லை. 1974-இல் அவரும் பன்னி வெய்லரும் வெளியேறினர். சம உரிமையைப் பற்றிப் பாடியவர், முதலில் தம் சொந்தத் தொழிலிலேயே அதைக் கேட்டுப் பார்த்தார் என்றே நான் கருதுகிறேன்.

அடுத்து, கஞ்சா பற்றிய பாடல். 1976-இல் வந்த அவருடைய முதல் தனித் தொகுப்பின் தலைப்புப் பாடல் அது. ஜமைக்கா வானொலியில் அதற்குத் தடை விதிக்கப்பட்டது. இன்று அந்தப் பாடல் போதையின் கொண்டாட்டமாகச் சுருங்கிப்போயிருப்பதால், அது எழுந்த சூழலைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். 1845 முதல் ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்ட இந்தியத் தொழிலாளர்களுடன்தான் அந்தச் செடி அத்தீவுக்குச் சென்றது. பின்னர் கறுப்பின ஏழை மக்களிடையே அது பரவியது. 1930-களில் தோன்றிய ராஸ்தஃபாரி சமயத்தவர் அதை வழிபாட்டில் பயன்படுத்தினர். 1913-இலேயே அதைத் தடைசெய்து சட்டம் வந்துவிட்டது. அந்தச் சட்டத்தின் பிடியில் சிக்கியவர்கள் பெரும்பாலும் யார் என்பதுதான் டோஷின் கேள்வி. சடைமுடி வைத்த ராஸ்தாவையும், குடிசைப் பகுதி இளைஞனையும் வீதியில் நிறுத்திச் சோதனையிடவும், அடிக்கவும், சிறையில் தள்ளவும் காவல்துறைக்கு அது எளிதான கருவியாக இருந்தது. 1963-இல் மான்டிகோ பே அருகே கோரல் கார்டன்ஸில் நடந்த மோதலைத் தொடர்ந்து, குற்றத்தில் தொடர்பே இல்லாத ராஸ்தாக்கள் கூட்டம் கூட்டமாகப் பிடிக்கப்பட்டுத் துன்புறுத்தப்பட்டார்கள். அதற்காக ஜமைக்கப் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது 2017-இல்தான். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 2015-இல், சிறிதளவு கஞ்சா வைத்திருப்பதைக் குற்றவியல் பட்டியலிலிருந்து நீக்கிய சட்டத்திருத்தம், ராஸ்தாக்களின் சமயப் பயன்பாட்டையும் ஏற்றுக்கொண்டது. ஒருவர் கஞ்சாவை ஏற்கலாம், மறுக்கலாம். நான் அதைப் பரிந்துரைக்கவில்லை. ஆனால் அந்தப் பாடலைக் காவல் அத்துமீறலிலிருந்தும் வறுமையிலிருந்தும் பிரித்து வெறும் புகையாக மட்டும் காட்டுவது, பாடகருக்கும் அவர் யாருக்காகப் பாடினாரோ அவர்களுக்கும் செய்யும் அநீதி.

என் கருத்தில் அவருடைய தொழில்வாழ்வின் உச்சம் 1977-இல் வெளியான இரண்டாம் தொகுப்பு. சம உரிமை என்பதே அதன் தலைப்பு. எல்லோரும் அமைதி வேண்டும் என்று கதறுகிறார்கள், நீதி வேண்டும் என்று கேட்பவர் எவருமில்லை, எனக்கு அமைதி வேண்டாம், சம உரிமையும் நீதியும் வேண்டும் என்பது அதன் தலைப்புப் பாடலின் சாரம். அங்கோலா, ரோடீசியா (இன்றைய ஜிம்பாப்வே) என்று சம உரிமைக்காகப் போராடிக்கொண்டிருந்த நாடுகளைப் பெயர் சொல்லி அழைக்கும் அந்தப் பாடல், அந்த வரிசையில் ஜமைக்காவையும் சேர்த்துக்கொள்கிறது. 1962-இல் விடுதலை பெற்ற ஒரு நாட்டை, இன்னும் போராடிக்கொண்டிருந்த நாடுகளுடன் ஒரே மூச்சில் சொல்வதற்கு அன்றைய ஜமைக்காவில் எத்தகைய துணிவு தேவைப்பட்டிருக்கும் என்பதை வாசகர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அதே தொகுப்பில் தென்னாப்பிரிக்க நிறவெறி ஆட்சியை நேரடியாகப் பெயர் சொல்லிச் சாடும் பாடலும் உண்டு. எங்கள் நிலத்தில் தங்கத்தைத் தோண்டுகிறாய், எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டவில்லை, சிறைச்சாலை கட்டுகிறாய் என்று குற்றப் பத்திரிகை வாசிப்பது போல அது நடக்கிறது. சோவெட்டோ மாணவர் எழுச்சி 1976-இல் நடந்தது. நிறவெறிக்கு எதிராகப் போராடிய ஸ்டீவ் பீகோ காவலில் கொல்லப்பட்டது 1977-இல். மேற்குலகின் புகழ்பெற்ற பாடகர்கள் திரளாகத் தென்னாப்பிரிக்காவைப் பற்றிப் பாடத் தொடங்கியது 1980-களில்தான். அதற்கு முன்பே, அது வணிகத்துக்கு உதவாத காலத்தில், டோஷ் அதைப் பாடிவிட்டார். அது அவருக்குத் திடீரென வந்த அக்கறையும் அன்று. 1960-களின் இறுதியிலேயே ரோடீசியாவின் வெள்ளையர் ஆட்சியைக் கண்டித்துக் கிங்ஸ்டனில் நடந்த போராட்டத்தில் அவர் கைதாகியிருக்கிறார்.

இசையைப் பற்றியும் ஒரு சொல். ரெகே மெதுவாக நடக்கும் இசை. தாளத்தின் அழுத்தமான தட்டுகளுக்கு இடையில் கிட்டார் சுருக்கென்று வெட்டி ஒலிக்கும். பாடலின் நடையைத் தூக்கிச் செல்வது பேஸ் கிட்டார்தான். சொற்களுக்கு அதில் தாராளமான இடம் உண்டு. அந்தத் தொகுப்பில் ஸ்லை டன்பாரின் டிரம்ஸும் ராபி ஷேக்ஸ்பியரின் பேஸ் கிட்டாரும் சேர்ந்து ஓர் அணிவகுப்பின் உறுதியைத் தந்தன. டோஷின் குரல் இனிமையானதன்று. அது கனமானது, அவசரமில்லாதது, கெஞ்சாதது. ஒவ்வொரு சொல்லையும் வைத்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகிற அந்த முறையால்தான், வேறு யார் பாடினாலும் முழக்கமாகிவிடக்கூடிய வரிகள் அவர் வாயில் வாக்குமூலங்களாக நிற்கின்றன.

கட்டுரையில் இடம்பெற்ற மற்றொரு செய்தியை முன்வைத்தே நான் இக்கடிதத்தை எழுதத் துணிந்தேன். 1978 ஏப்ரல் 22 அன்று கிங்ஸ்டன் தேசிய விளையாட்டரங்கில் நடந்த 'ஒரே அன்பு அமைதிக் கச்சேரி'யில், பிரதமர் மைக்கேல் மேன்லியின் கையையும் எதிர்க்கட்சித் தலைவர் எட்வர்ட் சியாகாவின் கையையும் பிடித்து மார்லி தம் தலைக்கு மேல் உயர்த்திய காட்சியைக் கட்டுரையாளர் உருக்கமாக விவரித்திருந்தார். அந்தப் புகைப்படம் உலகப் புகழ் பெற்றது. ஆனால் அதே மேடையில், அதே இரவில், மார்லிக்கு முன்பாகப் பாடிய டோஷ் செய்தது என்ன என்பது கட்டுரையில் இல்லை.

அந்நாளைய ஜமைக்காவில் இரு பெரும் கட்சிகளுக்கும் அவரவர் குடியிருப்புகள், அவரவர் ஆயுதக் குழுக்கள் இருந்தன. வாக்குக்காக வீடு கொடுக்கப்பட்டது, வீட்டுக்காகத் துப்பாக்கி கொடுக்கப்பட்டது. 1976-இல் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் மார்லியே தம் வீட்டில் சுடப்பட்டுக் காயமடைந்தார். அந்த வன்முறைக்கு ஓர் இடைவேளை விட, இரு தரப்புக் குழுத் தலைவர்களும் சேர்ந்து ஏற்பாடு செய்ததுதான் அந்தக் கச்சேரி. முன்வரிசையில் அரசியல் தலைவர்கள் அமர்ந்திருந்தனர். டோஷ் தம் பாடல்களுக்கு இடையில் அவர்களை நோக்கி நீண்ட நேரம் பேசினார். கொலம்பஸும் ஹென்றி மோர்கனும் கடற்கொள்ளையர்கள், அவர்களையே பாடப்புத்தகத்தில் போட்டு எங்களுக்கு முன்மாதிரியாகக் காட்டுகிறீர்கள் என்றார். தெருவில் ஏழை இளைஞனைக் காவலர்கள் நடத்தும் விதத்தைச் சொன்னார். பசித்த வயிறுகளுக்கு நடுவே அமைதியைப் பற்றிப் பேசுவது எப்படி என்று கேட்டார். பிரதமரும் காவல் அதிகாரிகளும் பார்த்திருக்கக் கஞ்சாச் சுருட்டையும் பற்றவைத்தார். அந்தப் பேச்சின் ஒலிப்பதிவு பிற்காலத்தில் வெளியாகியிருக்கிறது. கேட்டுப் பார்ப்பவர்கள் அதில் ஒரு பாடகனின் ஆவேசத்தைவிட ஒரு குடிமகனின் முறையீட்டையே அதிகம் உணர்வார்கள்.

அதற்கு விலை கொடுக்க அதிக நாள் ஆகவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் கிங்ஸ்டனில் காவலர்கள் அவரைப் பிடித்துச் சென்று தலையிலும் கையிலும் கடும் காயம் ஏற்படும்படி அடித்தார்கள். இறந்துவிட்டதுபோலக் கிடந்ததால்தான் உயிர் தப்பியதாக அவர் பின்னர் சொன்னார். கிட்டார் வாசிக்கும் ஒருவரின் கை உடைக்கப்படுவதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

இந்த இரு காட்சிகளில் மார்லி செய்தது தவறு, டோஷ் செய்தது சரி என்று தீர்ப்பு எழுத நான் வரவில்லை. இரத்தம் சிந்துவதை ஒரு நாளாவது நிறுத்த முயன்ற மார்லியின் கையை நான் மதிக்கிறேன். ஆனால் அடுத்து நடந்ததையும் வரலாறு பதிவு செய்திருக்கிறது. அந்தக் கச்சேரியை ஏற்பாடு செய்த இரு குழுத் தலைவர்களும் அடுத்த சில ஆண்டுகளில் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1980 தேர்தல் ஆண்டில் ஏறத்தாழ எண்ணூறு பேர் வன்முறையில் உயிரிழந்தனர். கைகுலுக்கலுக்குப் பிறகும் குடியிருப்புகளின் வறுமை மாறவில்லை, துப்பாக்கிகள் திரும்பப் பெறப்படவில்லை. நீதி இல்லாமல் அமைதி நிலைக்காது என்று டோஷ் 1977-இல் பாடியதையும் 1978-இல் மேடையில் பேசியதையும் அந்த எண்ணிக்கைக்கு அருகில் வைத்துப் படிக்க வேண்டும். ஒரு படத்தை மட்டும் காட்டி மற்றொன்றை விட்டுவிட்டால், அந்த இரவைப் பற்றிப் பாதியைத்தான் வாசகர் அறிந்துகொள்வார்.

அதன் பிறகான ஆண்டுகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1978-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற ஆங்கிலேய ராக் இசைக் குழுவினர் தங்கள் இசை நிறுவனத்தில் அவரை ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அவர்களுடைய அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் அவர் பாடினார், அக்குழுவின் பாடகர் மிக் ஜாகருடன் சேர்ந்து ஒரு பழைய காதல் பாடலையும் பதிவு செய்தார். மூன்று தொகுப்புகளுக்குப் பிறகு அந்த உறவு கசந்து முடிந்தது. அந்தத் தொகுப்புகளில் பரந்த சந்தைக்காகச் செய்துகொண்ட சமரசங்கள் ஆங்காங்கே கேட்கத்தான் செய்கின்றன. 1977-இன் இறுக்கம் அவற்றில் இல்லை. எனினும் 1979-இல் நியூயார்க்கில் அணுமின் நிலையங்களுக்கு எதிராக நடந்த கச்சேரிகளில் பாடியது முதல், 1983-இல் ஆப்பிரிக்காவைத் தாயாக விளித்து வெளியிட்ட தொகுப்பு வரை, அவர் தம் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை. எம்-16 துப்பாக்கி வடிவில் செய்யப்பட்ட கிட்டாருடன் அவர் மேடையேறியதும் அக்காலத்தில்தான்.

1987 செப்டம்பர் 11 அன்று கிங்ஸ்டனில் அவர் வீட்டுக்குள் ஆயுதங்களுடன் புகுந்தவர்கள் அவரைச் சுட்டுக் கொன்றனர். அங்கிருந்த வேறு இருவரும் உயிரிழந்தனர். அவருக்கு அப்போது வயது 42. அணு ஆயுதப் போருக்கு எதிரான அவருடைய கடைசித் தொகுப்பு அந்த ஆண்டில்தான் வெளியாகியிருந்தது. மறு ஆண்டு அதற்குச் சிறந்த ரெகே இசைக்கான கிராமி விருது கிடைத்தது. அவர் கேட்டவற்றுக்குச் செவிமடுக்காத அரசு 2012-இல் நாட்டின் உயரிய விருதுகளுள் ஒன்றான 'ஆர்டர் ஆஃப் மெரிட்'டை அவருக்கு வழங்கியது. 2016-இல் கிங்ஸ்டனில் அவர் பெயரில் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. இந்த மரியாதைகள் எனக்கு மகிழ்ச்சி தருகின்றன. உயிரோடு இருந்தபோது எந்த வானொலியில் அவர் பாட்டு தடைசெய்யப்பட்டதோ, எந்தக் காவலர் கையால் அவர் அடிபட்டாரோ, அந்தக் கணக்கும் மரியாதைகளுடன் சேர்த்துச் சொல்லப்பட வேண்டும் என்பதே என் விருப்பம்.

அவருக்குக் குறைகள் இல்லை என்று நான் சொல்லவில்லை. அவருடைய பேச்சு பல நேரங்களில் கடுமையானது. உடன் இருந்தவர்களையே அது அந்நியப்படுத்தியிருக்கிறது. மார்லியிடம் இருந்த, கேட்பவரைத் தோளில் கைபோட்டு அழைத்துச் செல்லும் அன்பு டோஷின் பாடல்களில் அரிது. உலகப் புகழில் அவர் பின்தங்கியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் சமூக அக்கறை கொண்ட கலைஞர்களைப் பற்றி எழுதும்போது, நமக்கு இதமாக ஒலிப்பவர்களை மட்டும் தேர்ந்தெடுத்துக்கொண்டு, சங்கடப்படுத்துபவர்களை அடிக்குறிப்பில் தள்ளிவிடும் வழக்கத்தை நாளிதழ்கள் கைவிட வேண்டும்.

ரெகே குறித்த கட்டுரை தொடராக வெளிவரும் என்று தாங்கள் அறிவித்திருக்கிறீர்கள். வரும் பகுதிகளில் ஒன்றைப் பீட்டர் டோஷுக்கு ஒதுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அதில் 1977-ஆம் ஆண்டுத் தொகுப்பின் பாடல்களைப் பொருளுடன் அறிமுகப்படுத்தினால், இந்த இசையைப் புதிதாகக் கேட்கத் தொடங்கும் இளைஞர்களுக்குப் பேருதவியாக இருக்கும். அமைதிக் கச்சேரியின் புகைப்படத்தை மீண்டும் வெளியிடும் வாய்ப்பு வந்தால், அன்று டோஷ் பேசியதன் சுருக்கத்தையும் அதன் அருகிலேயே அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்